பள்ளிவாசல் பக்கத்துக் கடை: மார்க்கம் சொன்னதும் மார்க்கம் தடுத்ததும் ஒரே அலமாரியில்

புதுச்சேரி முல்லா வீதி வட்டாரத்தில், பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற சின்னக் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில்தான் நிற்க வேண்டும். தொப்பி, அத்தர், முசல்லா என்கிற தொழுகை விரிப்பு, ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணி, மிஸ்வாக் என்கிற பல் குச்சி, கண்ணுக்கு இடும் சுர்மா, கருஞ்சீரக எண்ணெய், சுவரில் மாட்டும் வசனச் சட்டம், 786 ஸ்டிக்கர், கருப்புக் கயிறு, தாயத்துக் குப்பி, நீலக் கண் மணி, இஸ்லாத்தை அறிமுகப்படுத்தும் தமிழ்ச் சிறு நூல்கள் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கின்றன. கடலூர் ஓ.டி., பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வாங்குகிறவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் நிறைய. "பாய், புள்ள ராத்திரியெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது, கயிறு ஒண்ணு குடுங்க" என்ற குரலைக் கொஞ்ச நேரம் நின்றாலே கேட்கலாம்.

விலையில் ஏமாற்று இல்லை, பொருள் தூசி படியாமல் இருக்கிறது, கேட்டதை எடுத்துக் காட்டச் சலிப்பதில்லை. குறை வேறு இடத்தில். எது மார்க்கம், அதாவது இஸ்லாம், சொன்ன பொருள், எது பழக்கத்தில் வந்த பொருள், எதை மார்க்கமே தடுத்திருக்கிறது என்று அலமாரியில் ஒரு சீட்டுகூட இல்லை. பள்ளிவாசல் பக்கத்தில் விற்பதெல்லாம் பள்ளிவாசல் ஒப்புக்கொண்டது என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்கிறார். இந்த மதிப்புரை அந்த விடுபட்ட சீட்டை எழுதும் முயற்சி.

தாயத்திலிருந்து தொடங்கலாம், அதிகம் விலை போவது அதுதான். செம்பு, வெள்ளி, கருப்புப் பூச்சு என மூன்று வகைக் குப்பி. உள்ளே சுருட்டிய காகிதம் அல்லது மெல்லிய தகடு, வாய் அரக்கால் அடைத்திருக்கும். பிரித்துப் பார்த்தால் பல தாயத்துகளில் கட்டம் போட்டு எண்கள்தான் இருக்கும். சிலவற்றில் அரபி எழுத்துகள் தனித்தனியாக, படித்தால் பொருள் வராதபடி. குர்ஆன் வசனம் முழுமையாக இருப்பது குறைவு.

இதற்கு மார்க்கத்தின் விடை மழுப்பலானது அல்ல. பத்துப் பேர் கொண்ட ஒரு கூட்டம் நபியிடம் வந்தது. ஒன்பது பேரிடம் உறுதிமொழி வாங்கினார், ஒருவரிடம் வாங்கவில்லை. காரணம் கேட்டபோது அவர் மேலே தாயத்து இருக்கிறது என்றார். அந்த மனிதர் அதை அறுத்த பிறகே நபி கை கொடுத்தார். "தாயத்தைத் தொங்கவிட்டவர் இணைவைத்துவிட்டார்" என்ற சொல்லும் அங்கேதான் வருகிறது, இணைவைப்பு என்றால் இறைவனுக்கு நிகராக இன்னொன்றை வைப்பது. அஹ்மத் என்பவரின் நபிமொழித் தொகுப்பில் நபித்தோழர் உக்பா இப்னு ஆமிர் அறிவிப்பது இது. முழுக்கக் குர்ஆன் வசனம் மட்டுமே எழுதிய தாயத்தை அனுமதித்த அறிஞர்களும் உண்டு, அதையும் கூடாது என்றவர்களும் உண்டு. ஆனால் எண் கட்டம், பொருள் தெரியாத எழுத்து, பேர் தெரியாத எதையோ அழைப்பது ஆகியவற்றுக்கு அந்தச் சலுகையும் இல்லை. அரக்கு வைத்து மூடிய குப்பிக்குள் எது இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதனால் வாங்க வேண்டாம் என்பதே இங்கே தீர்ப்பு.

கருப்புக் கயிறு இன்னும் வேடிக்கை. ஏழு முடிச்சு, ஒவ்வொன்றுக்கும் ஓதி ஊதியது என்று சொல்லி விற்கிறார்கள். குர்ஆனின் 113ஆம் அத்தியாயம் ஃபலக். பாதுகாப்புக்காக ஓதும்படி நபி கற்றுக்கொடுத்த அத்தியாயம். அதன் நான்காம் வசனம் என்ன சொல்கிறது? "முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்தும்" பாதுகாவல் தேடுகிறேன் என்று. எந்தச் செயலிலிருந்து காக்கும்படி ஓதச் சொன்னார்களோ, அந்தச் செயலைச் செய்து, அதன் மேலேயே அந்த அத்தியாயத்தை ஓதிக் கட்டித் தருகிறார்கள். ஆட்டோ, மினி லாரிக் கண்ணாடியில் தொங்கும் தடித்த கருப்புக் கயிறும் இதே ரகம்தான். அக்காலத்தில் ஒட்டகக் கழுத்தில் வில் நாணைக் கட்டுவார்கள், ஒன்றையும் விடாமல் அறுத்துவிடும்படி நபி ஆளனுப்பினார். அது கண்ணேறுக்காகக் கட்டியது என்று இமாம் மாலிக் விளக்கம் சொல்கிறார்.

அப்படியானால் இஸ்லாத்தில் திருஷ்டி என்பதே கிடையாதா? கிடையாது என்று அடித்துச் சொல்லும் சிறு நூல் ஒன்றும் இதே கடையில் கிடைக்கிறது. அதுவும் பிழை. "கண்ணேறு உண்மை" என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. மார்க்கம் தடுப்பது பரிகாரமாகக் கல்லையும் மணியையும் எலுமிச்சையையும் நம்புவதை. சொல்லிக்கொடுத்த பரிகாரம் மிக எளிது. படுக்கப் போகும்போது இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, 112, 113, 114ஆம் அத்தியாயங்களை ஓதி, கையில் ஊதி, தலை முகத்தில் தொடங்கி எட்டிய வரை உடம்பில் தடவ வேண்டும். இப்படி மூன்று முறை. நபியின் வழக்கம் இது என்று அவர் மனைவி ஆயிஷா சொல்கிறார். நிதானமாகச் செய்தாலும் சில நிமிடம்தான், காசு செலவில்லை. நீலக் கண் மணி மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழக்கம். அழகுக்கு வாங்கினால் வாங்கலாம், காவலுக்கு வாங்கினால் பணம் தண்டம்.

மஃரிப் என்கிற அந்தித் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடு நிற்கிற தாய்மார்களை இந்த ஊரில் பார்க்காதவர் இல்லை. பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் இருக்கும். தொழுதுவிட்டு வருகிறவர்கள் குழந்தை தலையில் ஊதிவிட்டுப் போவார்கள். இதுவும் மூடநம்பிக்கைதானா என்று கேட்டால், தாயத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது என்பதே பதில். ஓதிப் பார்த்தலை நபி அனுமதித்தார், "இணைவைப்பு கலக்காதவரை தவறில்லை" என்ற நிபந்தனையோடு. அறிஞர்கள் அதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். ஓதுவது இறைவனின் சொல்லாகவோ அவனுடைய பெயர்களாகவோ இருக்க வேண்டும், அரபியிலோ பொருள் தெரிந்த வேறு மொழியிலோ இருக்க வேண்டும், குணம் தருவது ஓதுகிறவரோ ஓதிய சொல்லோ அல்ல, இறைவன்தான் என்ற தெளிவு வேண்டும். நபித்தோழர் அபூ சயீதின் பயணக் கூட்டத்துக்கு விருந்து தர மறுத்த ஊர்த் தலைவரைத் தேள் கொட்டியபோது, அவருக்கும் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதப்பட்டது. நபி அதைத் தவறு என்று சொல்லவில்லை. ஓதியதற்கு ஆடுகளைப் பேசி வாங்கியதையும் ஏற்றுக்கொண்டார். ஆகவே வாசலில் நிற்கிற அம்மாவின் நெற்றியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. தவறு நடப்பது அடுத்த கட்டத்தில். ஊதியாயிற்று என்று காய்ச்சலுள்ள குழந்தையை மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருப்பது. "மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்த நோயையும் மருந்தில்லாமல் இறைவன் வைக்கவில்லை" என்று சொன்னவரும் அதே நபிதான்.

786 ஸ்டிக்கர் பற்றிச் சுருக்கமாக. அரபி எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுக்கும் அப்ஜத் முறையில் பிஸ்மில்லாவைக் கூட்டினால் வருவது இது. பிஸ்ம் 102, அல்லாஹ் 66, அர்ரஹ்மான் 329, அர்ரஹீம் 289. கூட்டிப் பாருங்கள், 786. கணக்கு சரி, ஆனால் குர்ஆனிலும் இல்லை, நபிமொழியிலும் இல்லை. பிஸ்மில்லாவைச் சொல்ல வேண்டிய இடத்தில் எண்ணை ஒட்டுவது, அஞ்சல் குறியீட்டை எழுதிவிட்டுக் கடிதத்தை எழுதாமல் விட்ட மாதிரி. வண்டிக்கு ஃபேன்சி நம்பராக 786 வேண்டுமென்று செலவழிக்கிற ஆட்களிடம் இந்தக் கூட்டலைக் காட்டினால் முகம் சுருங்கும்.

முசல்லாவில் திசைகாட்டி பதித்தது ஒன்று இருக்கிறது, வாங்கும் முன் சோதிக்கவும். இரும்பு பீரோ, கைப்பேசி, கடையின் ஷட்டர் ஏதாவது பக்கத்தில் இருந்தால் முள் வேறு பக்கம் போய்விடும். தரையில் வைத்து ஒரு கெஜம் தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் பாருங்கள், மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் கிப்லா, அதாவது மக்காவின் காபா ஆலயம் நோக்கிய தொழுகைத் திசை, நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 19 பாகை சாய்ந்தது. திசைகாட்டியே வேண்டாம் என்பவர்கள் மேற்கு நோக்கிக் கையை நீட்டி விரல்களை அகல விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே ஏறக்குறைய 20 பாகை. அந்த அளவு வலப்பக்கம் திரும்பினால் போதும். மே நடுவிலும் ஜூலைக் கடைசியிலும் இங்கே சூரியன் மறைகிற இடமே கிட்டத்தட்ட கிப்லாதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம், "பாய்மார் மேற்கைக் கும்பிடுகிறார்கள்", "காபாவுக்குள் இருக்கிற கல்லைக் கும்பிடுகிறார்கள்" என்ற பேச்சு இன்னும் டீக்கடையில் ஓடுகிறது. மதீனாவுக்கு வந்த பின் பதினாறு பதினேழு மாதம் முஸ்லிம்கள் ஜெருசலேம் பக்கம்தான் திரும்பித் தொழுதார்கள், பிறகே காபா பக்கம். கிழக்கிலோ மேற்கிலோ முகத்தைத் திருப்புவது புண்ணியம் ஆகாது என்று குர்ஆன் 2:177 (இரண்டாம் அத்தியாயம், 177ஆம் வசனம்) தொடங்குகிறது. கருப்புக் கல் காபாவின் மூலையில் வெளிப்பக்கம் பதித்தது. அதை முத்தமிடப் போன நபித்தோழர் உமர், "நீ கல், உன்னால் தீமையும் இல்லை நன்மையும் இல்லை என்று எனக்குத் தெரியும். நபி முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட மாட்டேன்" என்று கல்லின் முன்னாலேயே சொன்னார். முசல்லாவில் காபா படம் போட்டிருந்தால் விலை கூடும், தொழுகை கூடாது. சுத்தமான பாயோ வெறும் தரையோ போதும். தொழுகைக்கு அழைக்கும் பாங்கில் வரும் "அக்பர்" மொகலாய அரசரைக் கூப்பிடுவதாக நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு "மிகப் பெரியவன்" என்று பொருள், அவ்வளவுதான்.

இனி சுவர்ச் சட்டங்கள். கடையின் நல்ல சரக்கு இதுதான். கண்ணாடி சரியாகப் பொருந்தியிருக்கிறது, பின் அட்டை ஈரத்துக்கு உப்பாத பிளாஸ்டிக். கடற்கரை ஊருக்கு இது முக்கியம், ஹார்ட்போர்டு வைத்த சட்டம் ஐப்பசி மழைக்கே பூசணம் பிடிக்கும். மிகுதியாகப் போவது ஆயத்துல் குர்சி வசனம், அதாவது 2:255. வீட்டு வாசலுக்கு மேலே மாட்டினால் ஷைத்தான் வராது என்று வாங்குகிறார்கள். நபிமொழியில் இருப்பது படுக்கும்போது ஓதுவது. மாட்டுவது அல்ல. ஓதத் தெரிந்தவருக்குச் சட்டம் வெறும் அலங்காரம், ஓதாதவருக்கும் அலங்காரம்தான்.

அதற்கு அடுத்த வசனம் 2:256. "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை." அடுத்தடுத்து நிற்கிற இரண்டு வசனங்களில் ஒன்று எட்டு அளவில் கிடைக்கிறது, மற்றது ஒரு அளவிலும் இல்லை.

இந்த 256க்குப் பின்னால் இருக்கிற செய்தியை அபூ தாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொல்கிறார். மதீனாவில் குழந்தை தங்காத தாய், இந்தப் பிள்ளை பிழைத்தால் யூதனாக வளர்ப்பேன் என்று நேர்ந்துகொள்வாள். நம் ஊரில் குழந்தை தங்கவில்லையென்றால் பிச்சை, குப்பை என்று பேர் வைத்த அதே பயம், அதே நேர்த்தி. பனூ நளீர் என்ற யூதக் கூட்டத்தார் கி.பி. 625இல் மதீனாவை விட்டு வெளியேற்றப்பட்டபோது இப்படி வளர்ந்த பிள்ளைகளும் அவர்களோடு இருந்தார்கள். "எங்கள் பிள்ளைகளை விட மாட்டோம்" என்று முஸ்லிமான பெற்றோர் பிடித்துக்கொண்டார்கள். அப்போது இறங்கிய வசனம் இது. பெற்ற பிள்ளையானாலும், முஸ்லிம்கள் பலமாக இருந்த ஊரானாலும், மதத்துக்குள் இழுத்துப் போடக் கூடாது என்பது அதன் நேரடிப் பொருள். வாளால் பரப்பியது என்று சொல்கிறவருக்கும், சம்மதம் இல்லாமலேயே ஆளைக் கலிமா, அதாவது இஸ்லாத்தின் உறுதிமொழி, சொல்லவைத்துக் காணொளி எடுக்கிறவருக்கும் இந்த ஒரு சம்பவம் பதில்.

சிறு நூல்களின் தரம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. இருக்கிறவற்றை மூன்று குவியலாகப் பிரிக்கலாம். முதல் குவியல், "எல்லா மதமும் ஒன்றே, இஸ்லாமும் அதையே சொல்கிறது" என்கிறது. படிக்க இனிக்கும், உண்மை இல்லை. குர்ஆன் ஓரிறையை வலியுறுத்துகிறது, இணைவைப்பைக் கடுமையாக மறுக்கிறது, இஸ்லாம் அல்லாத மார்க்கம் ஏற்கப்படாது என்று சொல்லும் 3:85 அதில் மறைக்க ஒன்றும் வைக்கவில்லை. இரண்டாவது குவியல், பிறர் வேதத்திலிருந்து வரிகளைப் பிய்த்துப் போட்டு "பார், உன் சாமியே சொல்கிறார்" என்று மல்லுக்கு நிற்கிறது. அல்லாஹ்வையன்றி அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்ற 6:108ஐ எழுதியவர் படித்தாரா என்று சந்தேகம் வருகிறது. மூன்றாவது குவியல் சிறியது, மெலிந்தது, அட்டைகூடச் சுமார். நாங்கள் நம்புவது இது, நீங்கள் நம்புவதோடு இங்கே ஒத்துப்போகிறது, இங்கே மாறுபடுகிறது, மாறுபட்டாலும் உங்களோடு நடந்துகொள்ள வேண்டிய முறை இது என்று வரிசையாகச் சொல்கிறது. உங்களோடு போரிடாத, உங்களை வீட்டை விட்டுத் துரத்தாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் தடுக்கவில்லை என்ற 60:8, "உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம்" என்ற 109:6, மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிபடாமல் காக்கப்படுவதைப் பேசும் 22:40 மூன்றையும் இடம் சுட்டிக் கொடுக்கிறது. இதை வாங்குங்கள்.

அந்தக் குவியலிலும் ஒரு மொழிக் குறை உண்டு. "காஃபிர்" என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து படிக்கிறவருக்கு அது வசவாகவே கேட்கும். வேர்ச்சொல்லுக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். விதையை மண்ணில் மறைக்கிற உழவர்களையும் 57:20இல் குர்ஆன் அதே சொல்லால்தான் குறிக்கிறது. "மறுப்பவர்" என்று தமிழில் எழுதினால் பக்கத்துக்குப் பக்கம் நெருடாது.

நபி இறக்கும்போது அவருடைய போர்க் கவசம் ஒரு யூதரிடம் முப்பது ஸாஉ (பழைய அரபு முகத்தல் அளவை) வாற்கோதுமைக்கு அடகில் இருந்தது. கடை நடத்துகிற முஸ்லிம்களுக்குப் பிடித்த ஹதீஸ் இது, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கலாம். ஒரு யூதரின் பாடை போனபோது நபி எழுந்து நின்றார். "யூதர் ஆயிற்றே" என்றவர்களிடம் "அதுவும் ஓர் உயிர் இல்லையா" என்று கேட்டார். இணைவைப்பாளரான தாய் பார்க்க வந்திருக்கிறாள், உறவாடலாமா என்று அஸ்மா என்ற முஸ்லிம் பெண் கேட்டபோது, "தாயோடு உறவைப் பேணு" என்றார். இவை இருக்க, மாற்று மதத்தார் வீட்டில் தண்ணீரே குடிக்கக் கூடாது என்று நினைக்கிற முஸ்லிமும் இருக்கிறார், கொடுத்தால் அவர்கள் வாங்க மாட்டார்கள் என்று நினைக்கிற பக்கத்து வீட்டம்மாவும் இருக்கிறார். சோறு, சாம்பார், காய்கறி, முறுக்கு எதற்கும் தடையில்லை. இறைச்சிக்கு அறுத்த முறை பார்க்க வேண்டும். படையலில் வைத்ததை வாங்குவதில்லை. நம் தெருக்களில் இது தெரிந்தவர்கள் பொங்கல் பானையிலிருந்து படைக்கும் முன்பே ஒரு தூக்கில் எடுத்துவைத்து, "படைக்காததுதான் பாய், பயப்படாம சாப்பிடுங்க" என்று கொடுத்தனுப்புகிறார்கள்.

மீதிச் சரக்கை விரைவாகப் பார்த்துவிடலாம். மிஸ்வாக் புதிதாக இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள், வளைந்தால் நல்லது, படக்கென்று ஒடிந்தால் பழசு. நுனியில் ஒரு சென்டிமீட்டர் பட்டையைச் சீவி, மென்று நாராக்கித் தேய்க்க வேண்டும். நார் நைந்ததும் வெட்டிவிடவும், மூடிய டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். தஸ்பீஹ் மணியை எண்ணி வாங்குங்கள். 33க்கு ஒரு பிரிப்பு மணி இருக்க வேண்டும், மலிவுச் சரத்தில் 32ம் 34மாக வருகிறது. விரலில் எண்ணினால் அந்தத் தொல்லையும் இல்லை. அத்தர் 3, 6, 12 மில்லி குப்பிகளில் கிடைக்கிறது. மூடியை மோந்து முடிவெடுக்காமல் மணிக்கட்டில் தடவிக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மிஞ்சினால் கலப்பு அதிகம். சுர்மாவைக் குழந்தைக்கு வாங்கவே வேண்டாம். பழைய முறைச் சுர்மாவில் காரீயம் இருப்பது பரவலாகக் கண்டறியப்பட்ட ஒன்று. கண்ணில் போட்டது கைவழியே வாய்க்குப் போகும். கருஞ்சீரகம் சாவைத் தவிர எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நபிமொழி புகாரியில் உண்டுதான். அதை வைத்துச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிற பாட்டில் சீட்டு நபிமொழி அல்ல. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே குடிக்கவும்.

இஸ்லாமிய நாட்காட்டியின் ஸஃபர் மாதக் கடைசி வாரம் கடையில் குங்குமப்பூவும் மாவிலையும் சேர்ந்து விற்கும். அந்த மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்பார்கள். மாவிலையில் ஸலாம் என்ற சொல் வரும் குர்ஆன் வசனங்களை எழுதிக் கழுவிக் குடித்தால் ஆண்டு முழுதும் பலா முஸீபத்து என்கிற துன்பம் அண்டாது என்பது வழக்கம். "சகுனமும் இல்லை, ஸஃபர் பீடையும் இல்லை" என்ற நபிமொழிக்கு இது நேர் எதிர். ராகு காலம் பார்க்கிற பக்கத்துக் கடையைக் கேலி செய்துவிட்டு ஸஃபரில் கல்யாணம் வைக்க மறுக்கிறவர் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஷவ்வால் மாதத்தில் திருமணம் ஆகாது என்று அரபிகளும் நம்பினார்கள், ஆயிஷாவின் திருமணம் நடந்தது ஷவ்வாலில். கிரகணத்தில் கர்ப்பிணி வெளியே வரக் கூடாது, கத்தி தொடக் கூடாது என்பதற்கும் மார்க்கத்தில் இடமில்லை. நபியின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது, கணக்குப்படி கி.பி. 632 ஜனவரி 27. குழந்தைக்காக வானமே இருண்டது என்று ஊர் பேசியது. மகனைப் பறிகொடுத்த தகப்பன் அந்தப் பேச்சைத் தனக்குப் பெருமையாக வாங்கிக்கொண்டிருக்கலாம். யாருடைய சாவுக்காகவும் யாருடைய பிறப்புக்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லி, மக்களைத் தொழ நிறுத்தினார். இந்தச் சம்பவத்தை நான்கு பக்கத்தில் சொல்லும் துண்டறிக்கை ஒன்று கல்லாப் பக்கத்தில் இலவசமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை அடைத்திருக்கும், இரண்டரைக்கு மேல் போகவும். ரமலான் கடைசிப் பத்தில் நிற்க இடம் கிடைக்காது. வண்டியை வீதியில் விட்டால் பாங்கு சொன்னதும் நகர்த்தச் சொல்வார்கள். கையால் எழுதிச் சட்டம் போட்டுத் தரும் ஆள் கடைக்காரருக்குத் தெரிந்தவர். 256இன் தொடக்கத்தை, "லா இக்ராஹ ஃபித்தீன்" என்ற அந்த நாலு சொல்லை மட்டும், 12க்கு 18 அங்குலத்தில் கீழே தமிழோடு கேட்டால் ஒரு வாரம் தவணை சொல்கிறார். எழுத்தை ஒருமுறை மார்க்கம் படித்த ஹஜ்ரத்திடம் காட்டிச் சரிபார்த்த பிறகு கண்ணாடி போடச் சொல்லுங்கள்.